ஒழுங்கையில் பரப்பிய வைக்கல்

2014 யூன் 21, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தபோது கம்பிகள் விரலில் ஒட்டின. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கொழும்பு வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். இரவு முழுவதும் உப்பு வந்து படிந்து, கதவுப் பிடியிலிருந்து மேசை விளிம்பு வரை தொட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கும். ஈரத் துணியால் கம்பிகளைத் துடைத்தேன். ஐந்தே காலுக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஆறு மணிக்குப் பத்திரிகை, ஏழரைக்குப் பாணும் சம்பலும், எட்டு மணிக்கு மேசை. ஒரு பதிப்பகத்துக்காகப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ்ச் சொற்கையேடு ஒன்றை இரண்டு வருடமாகத் தொகுத்து வருகிறேன். நாளொன்றுக்கு இருபது சொற்கள் என்பது நானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அன்று 'எஸ்' எழுத்தின் பிற்பகுதியில் இருந்தேன். பத்து மணிக்குள் பதினொரு சொற்கள் முடிந்தன. பன்னிரண்டாவது சொல் 'ஸ்ட்ரூ'. அதற்குப் பிறகு அன்று ஒரு சொல்லும் எழுதவில்லை.

பொருள் தெரியாமல் இல்லை. எதையாவது ஓரிடத்தின் மேல் சிதறலாக விழவிடுவது, அல்லது அப்படி விழவிட்டு அந்த இடத்தை மூடுவது என்று அகராதிகள் சொல்கின்றன. தமிழில் நாம் பூவைத் தூவுகிறோம், நெல்லை விதைக்கிறோம், தண்ணீரைத் தெளிக்கிறோம், வைக்கலைப் பரப்புகிறோம். கையிலிருந்து விடுபடும் பொருள் எதுவென்று பார்த்துத்தான் நமக்கு வினை வருகிறது. ஆங்கிலத்தின் இந்தச் சின்னச் சொல்லுக்கு அந்தக் கவலை இல்லை. பூவானாலும் வைக்கலானாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் என் பேனா நின்றது அதனால் அல்ல. பத்து வயதில் அந்தச் சொல்லைப் பொருள் தெரியாமலே, அது ஆங்கிலம் என்றுகூடத் தெரியாமலே, நாளுக்கு நூறு தரம் சொல்லித் திரிந்தவள் நான்.

அப்போது நாங்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலில், பெரியவர்கள் "கோர்ப்புஸ் கிறிஸ்தி" என்று சொல்லும் நற்கருணைத் திருநாளன்று மாலை சுற்றுப்பிரகாரம் புறப்படும். ஆறு ஆண்கள் ஆறு தடிகளில் தாங்கிய பட்டு மேற்கட்டியின் கீழ் பாதர் நற்கருணையை ஏந்தி வருவார். அவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலுறையும் அணிந்த பன்னிரண்டு சிறுமிகள் சோடி சோடியாக, கழுத்தில் நாடாவால் தொங்கும் கூடைகளிலிருந்து பூவிதழ்களைத் தூவிக்கொண்டு போவார்கள். மடத்துச் சிஸ்டர்மாரின் ஆங்கிலம் அவர்களை 'ஸ்ட்ரூவர்ஸ்' என்றது. சின்னத் தெருக்களான எங்கள் ஒழுங்கைகள் அதை "ஸ்ட்ரூ பிள்ளையள்" ஆக்கிக்கொண்டன. பிறகு "ஸ்ட்ரூ சட்டை", "ஸ்ட்ரூ கூடை", "அவளுக்கு இந்த முறை ஸ்ட்ரூ கிடைச்சிருக்காம்" என்று அது பெருகியது. பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் "உனக்கென்ன, நீ ஸ்ட்ரூ செய்தனியே?" என்பது பெரிய வசையாக இருந்தது. பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கமாட்டார்கள். முந்திய இரண்டு வருடமும் உயரம் போதாதென்று என்னை விட்டுவிட்டார்கள். 1974இல், பத்து வயது நிறைந்த பிறகு, என் பெயர் பட்டியலில் வந்தது.

அது கடைகளில் எதுவும் கிடைக்காத வருடம். பாணுக்கு விடியற்காலையில் வரிசை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, வெள்ளைத் துணி கண்ணிலும் படவில்லை. அம்மா, அப்பாவின் வெள்ளைக் காற்சட்டைகள் இரண்டைத் தையல் பிரித்து எனக்குச் சட்டை தைத்தார். அப்பா துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் எழுத்தர். தடித்த துணியில் தைத்த அந்த வெள்ளைக் காற்சட்டைகள் அவருடைய வேலை உடுப்பு. ஏப்ரல் மாதத்தில் மழையில் நனைந்த கல்லொன்றில் வழுக்கி விழுந்து அவருக்குத் தொடையெலும்பு முறிந்திருந்தது. ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மிச்சத்துக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். "இப்போதைக்கு எனக்கு ஏன் காற்சட்டை, மகள் கொறற்றி போடட்டும்" என்று அவரே எடுத்துக் கொடுத்ததாக அம்மா சொன்னார். அந்தத் துணி நடக்கும்போது சரசரக்கும். பாவாடைப் பகுதி மணி கவிழ்த்தது போல் விறைத்து நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்குள் எத்தனை தரம் நடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டின் முன்னறை எட்டடி அகலம். அதன் ஒரே ஜன்னல் நேராக ஒழுங்கைக்குத் திறந்தது. வெளியில் போகிறவர் கையை நீட்டினால் உள்ளே மேசையில் இருக்கும் கோப்பையை எடுக்கலாம். அப்பாவின் கட்டில் அந்த அறையில் நீளவாட்டில் கிடந்தது. தலைமாடு ஜன்னல் பக்கம். முறிந்த காலில் கட்டிய கயிறு, எதிர்ச் சுவரில் ஆணியடித்து நிறுத்திய மரச்சட்டத்தில் இருந்த கப்பியைச் சுற்றி, கால்மாட்டில் இரண்டு செங்கற்களோடு தொங்கியது. டாக்குத்தர் சொன்னபடி அந்தக் கற்கள் நாள் முழுவதும் காலை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும், அசைக்கக் கூடாது. கட்டிலைத் திருப்பவும் வழியில்லை, அப்பாவைத் தூக்கவும் வழியில்லை. தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலை அவரால் பார்க்க முடியாது. ஆகவே அம்மா சவரக் கண்ணாடியை அந்த மரச்சட்டத்தில், அப்பாவின் முகத்துக்கு நேரே, சாய்த்துக் கட்டிவிட்டார். அதற்குள் ஜன்னலும் ஒழுங்கையின் ஒரு துண்டும் தெரியும். "பின்னுக்கு வாற பஸ்ஸைப் பாக்கிற டிறைவர் மாதிரிக் கிடக்கிறன்" என்பார் அப்பா.

அவர் பதினேழு வருடம் மேற்கட்டியின் முன் இடது தடியைப் பிடித்தவர். தடி பிடிக்கிறவன் முன்னால் போவதையும் பார்க்கக் கூடாது, பின்னால் வருவதையும் பார்க்கக் கூடாது, தடி நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. "பதினேழு வருசம் தடியைத்தான் பாத்தனான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். "இந்த முறைதான் படுத்துக் கிடந்து முழுசாப் பாக்கப்போறன். என்ர மகள் வேற வாறாள்." நோயாளி கிடக்கும் வீட்டு வாசலில், ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் மேற்கட்டி நிற்பது எங்கள் பங்கின் வழக்கம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவர் இரண்டு கிழமையாகக் கதைத்துக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்து, கண்ணாடியை ஒரு விரல் அகலம் மேலே, அரை விரல் அகலம் கீழே என்று அம்மாவைக்கொண்டு திருத்திக் கட்டுவித்தார். ஒழுங்கும் கணக்கும் பார்க்கும் இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

காரியத்தைக் கெடுத்தது ஒழுங்கைதான். வடிகாலுக்கென்று மே மாதத்தில் அதைக் கிண்டிப்போட்டுவிட்டு வேலையாட்கள் வராமல் விட்டார்கள். யூன் மழை வந்து, கிண்டிய மண் முழுவதும் சேறாகியது. திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் இன்னாசி மாமா வந்தார். அவர் பங்குச் சபையின் செயலாளர், அப்பாவுக்குப் பக்கத்துத் தடியைப் பிடிக்கிறவர், சிநேகிதர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்றபடியே கதைத்தார்.

"சூசை, கோவிக்காத. சுற்றுப்பிரகாரம் இந்த முறை பெரிய றோட்டோட நேர போகுது. பாதர்ர அங்கி நிலத்தில இழுபடும். பிள்ளையள் விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?"

அப்பா கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் அவரைப் பார்த்தார். பிறகு, "சரி இன்னாசி. பிள்ளையள் விழக்கூடாது" என்றார். இன்னாசி மாமா போன பிறகு, அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைக்கும்படி அம்மாவிடம் சொன்னார். சவரத்துக்கு வேணும்தானே, கிடக்கட்டும் என்று அம்மா கழற்றவில்லை. அன்று பின்னேரம் அப்பா சாப்பிடவில்லை. நான் பின் விறாந்தையில் பத்திரிகைத் தாளை விரித்துப் பூவிதழ்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்: அரலிப்பூ ஒரு குவியல், கடதாசிப்பூ ஒரு குவியல், கோவிலடி மாலைக் கடையில் அம்மா கேட்டு வாங்கிய மிச்ச ரோசா ஒரு குவியல். செவ்வரத்தை வேண்டாம், வழுக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பெரிய றோட்டில் யாருக்காக இதைத் தூவப்போகிறேன் என்று நினைத்ததும், பிரித்த குவியல்களை ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

ஹனிபா நானா எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். புறக்கோட்டையில் ஒரு பீங்கான் கடையில் சாமான் கட்டுகிறவர். அந்தக் காலத்தில் கோப்பைகளும் தட்டுகளும் மரப்பெட்டியில், வைக்கலுக்குள் வைத்துத்தான் வரும், போகும். ஒரு தட்டுக்கூட உடையாமல் பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் பெட்டி அனுப்புவார் என்று அவருக்குப் பெயர். வேலை விட்டு வரும்போது அவர் சட்டையில் எப்போதும் இரண்டு மூன்று வைக்கல் துரும்புகள் ஒட்டியிருக்கும். பின்னேரங்களில் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருக்க வருவார். அன்றும் வந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். நானா, "ஒரே நேரத்துல எத்தின பேர் பக்கத்துல பக்கத்துல நடப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். மேற்கட்டிக்கு ஆறடி வேணும் என்றார் அப்பா. நானா எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் காலைப் பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது, ஒழுங்கை வாசலில் ஒரு கைவண்டி நின்றது. கடை முதலாளியிடம் கேட்டு, கழித்த மரப்பெட்டிகளின் பலகைகளையும் பின்வளவில் குவிந்து கிடந்த வைக்கலையும் நானா கொண்டுவந்திருந்தார். பள்ளங்களுக்குக் குறுக்கே முதலில் பலகைகள். அவற்றின் மேல் வைக்கல், ஒரு அடுக்கு நெடுக்காக, அதன் மேல் ஒரு அடுக்கு குறுக்காக, பிறகு மறுபடி நெடுக்காக. தட்டுகளை அடுக்கும்போது செய்வதைப் போலவே. சும்மா அள்ளிப்போட்டால் மிதிபட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், ஒன்றையொன்று கவ்வும்படி பரப்பினால்தான் நிற்கும் என்று, உதவிக்கு வந்தவர்கள் போட்டதையெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டார். நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "நானா, கொட்டில் றெடி. மாடு எப்ப வரும்?" என்றார். "மாடெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிது. ஒரு கை குடுக்கச் சொல்லுங்க" என்றார் நானா, நிமிராமலே. கைவண்டி நாலு தரம் புறக்கோட்டைக்குப் போய் வந்தது. கடைசியில் ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்காரரும் கையில் வைக்கலோடு நின்றார்கள்.

இரண்டு மணிக்கு இன்னாசி மாமா வந்து பார்த்தார். சேற்றைக் காணவில்லை, ஒழுங்கை முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. அவருடைய முகத்தில் வேறொரு கவலை வந்தது. மாட்டுக்குப் போடுகிற சாமானின் மேல் நற்கருணை வருவது சரியில்லையே, சனம் என்ன சொல்லும் என்று இழுத்தார். அப்போதுதான் நானா நிமிர்ந்தார்.

"டிசம்பர் மாசம் இதே வைக்கலத் தானே, உங்கட கோயில் கிறிஸ்மஸ் குடிலுக்கு வேணுமெண்டு என்னட்ட வாங்கிட்டுப் போனீங்க. அப்ப இது மாட்டுட சாமான் இல்லியா?"

ஒழுங்கை சிரித்தது. இன்னாசி மாமாவும் சிரித்துவிட்டார். வைக்கலின் மேல் ஏறி நின்று, இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். எங்கள் ஜன்னலுக்குக் கிட்ட வந்து, கம்பிக்குள்ளால், "சூசை, வருகுது" என்றார்.

இப்போது அகராதிகளைப் பிரித்துப் பார்க்கும்போது தெரிகிறது, அந்த ஆங்கில வினை பிறந்ததே இந்த வேலையில்தான். வைக்கலுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஸ்ட்ரோ' என்ற பெயரும் இந்த வினையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'பரப்பப்படுவது எதுவோ அதுவே வைக்கல்' என்பதுதான் அந்தப் பெயரின் பழைய பொருளாம். குளிர் நாட்டில் மண் தரையில் வைக்கலையும் கோரையையும் பரப்பி அதன் மேல் நடந்திருக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள். பூவெல்லாம் பிறகு வந்த ஆடம்பரம். இன்னும் பின்னால் போனால், பரப்புதல் என்ற அதே ஆதி வேரிலிருந்து லத்தீனில் 'கல் பரப்பிய பாதை' என்றொரு சொல் கிளைத்து, அதுவே ஆங்கிலத்தில் தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட்' என்ற சொல்லாகியிருக்கிறது. சமஸ்கிருதத்திலும் அந்த வேர் ஓடுகிறது: வேள்வித் தீயைச் சுற்றித் தருப்பை பரப்பும் பரிஸ்தரணத்தில் இருக்கிறது, நாம் அன்றாடம் சொல்லும் 'விஸ்தாரம்' என்ற சொல்லிலும் இருக்கிறது. ஒரு தெரு, அதன் மேல் வைக்கல், அதைப் பரப்பும் கை. மூன்றும் ஆதியில் ஒன்றென்று படித்தபோது, எனக்குப் புத்தகத்துக்குரிய வியப்பு வரவில்லை. ஹனிபா நானாவின் குனிந்த முதுகுதான் தெரிந்தது.

சுற்றுப்பிரகாரம் நாலரைக்குப் புறப்பட்டது. மழை விட்டிருந்தது. சிஸ்டர் எங்களுக்குக் கற்பித்த ஒழுங்கு இது: பீடப்பையன் மணி அடித்ததும் நின்று, திரும்பி, நற்கருணைக்குத் தலைகுனிந்து, ஒரு பிடி தூவி, மறுபடி திரும்பி நடக்கவேண்டும். பிடி என்றால் மூன்று விரலால் எடுப்பது. கை நிறைய அள்ளக் கூடாது. மொத்தம் நாற்பது மணி அடிக்கும், கூடை நாற்பது பிடிக்குத்தான் காணும். நோயாளி வீட்டு வாசலில் மேற்கட்டி நிற்கும்போது, ஸ்ட்ரூ பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டி மூன்று வீடு தள்ளிப் போய்க் காத்திருக்கவேண்டும். அதாவது, மேற்கட்டி அப்பாவின் கண்ணாடிக்குள் நிற்கும் நேரத்தில் நான் அதற்குள் இருக்கமாட்டேன். ஜன்னலைக் கடக்க எனக்கு நாலு எட்டு ஆகும் என்று அளந்து வைத்திருந்தேன். நாலு எட்டில் அப்பா என்னைப் பார்த்துவிடுவாரா என்ற கேள்வி, இன்னாசி மாமா வைக்கலில் குதித்துப் பார்த்ததிலிருந்து என் கூடவே வந்தது.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் சத்தம் மாறியது. பெரிய றோட்டில் எங்கள் சப்பாத்துகள் தட்டிக்கொண்டு வந்தன. வைக்கலின் மேல் கால் வைத்ததும் எல்லாம் அமுங்கிப்போய், செபம் சொல்லும் குரல்களும் என் சட்டையின் சரசரப்பும் மட்டும் கேட்டன. வைக்கல் மெல்லப் பதிந்து, எடுத்த காலுக்குப் பின்னால் மெல்ல எழுந்தது. எங்கள் ஜன்னல் வந்தது. ஒரு எட்டு, இரண்டு. மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

மணி அடிக்கவில்லை. நான் ஜன்னலுக்கு நேரே திரும்பி, கூடைக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளித் தூவினேன். மறுபடி அள்ளினேன். பின்னால் வந்த சோடி என் மேல் முட்டியது, அவர்கள் மேல் அடுத்த சோடி முட்டியது. கூடையைக் கவிழ்த்தேன் என்றே சொல்லவேண்டும். அரலியும் ரோசாவும் கடதாசிப்பூவும் வைக்கலின் மேல் எங்கள் வாசலில் ஒரே குவியலாக விழுந்தன. சிஸ்டர் பக்கத்தால் விறுவிறென்று வந்தார். அடக்கிய குரல்தான், ஆனாலும் எனக்கு ஒழுங்கை முழுவதும் கேட்டதாகப் பட்டது.

"கொறற்றி, நட. கொறற்றி, உனக்குத்தான் சொல்லுறன்."

நடந்தேன். மூன்று வீடு தள்ளி நின்று திரும்பியபோது, மேற்கட்டி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பாதரின் அங்கி விளிம்பு என் பூக்களின் மேல் கிடந்தது. பிறகு மிச்ச வழி முழுவதும், இருபத்தாறு மணிக்கும், வெறுங்கூடைக்குள் மூன்று விரலை விட்டு ஒன்றுமில்லாததை எடுத்துத் தூவிக்கொண்டு போனேன். முதல் மணிக்கு நான் கையை எடுக்காமல் நின்றபோது, என் சோடிப் பிள்ளை முன்னால் பார்த்தபடியே, "விசரி, கையை ஆட்டு. சிஸ்டர் பாக்கிறா" என்று சொல்லித் தந்தாள்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கூடையைக் கூடக் கழற்றாமல் கட்டிலடியில் நின்று, என்னைக் கண்டீர்களா என்று கேட்டேன். அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது; கால் நோவாக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"முகம் தெரியேல்ல மகள். கை தெரிஞ்சது. அவ்வளவு பூவையும் என்ர வாசலில கொட்டுறது ஆர்ர கை எண்டு எனக்குத் தெரியாதே?"

அடுத்த வருடம் என்னை ஸ்ட்ரூவுக்கு எடுக்கவில்லை. எனக்கு அது துக்கமாகவே இருக்கவில்லை. அப்பா என் கையைக் கண்டார் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. தூவின பூவை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வது எங்கள் சனத்தின் வழக்கம். அன்று அந்தியில் ஒழுங்கைப் பெண்களெல்லாம் வைக்கலுக்குள் குனிந்து இதழ் பொறுக்கியதும், ஹனிபா நானாவின் மனைவி ஒரு ரோசா இதழை எடுத்துக்கொண்டு, தன் முக்காட்டு நுனியில் அதை முடிந்துகொண்டு போனதும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. வைக்கல் ஒரு கிழமை கிடந்தது. பிறகு கிராண்ட்பாஸ் பக்கத்து வண்டில்காரர் ஒருவர் வந்து தம் மாடுகளுக்கென்று கேட்டபோது, நனையாத மேல் அடுக்கை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சேற்றோடு விட்டார்கள்.

அப்பா ஓகஸ்ட்டில் எழுந்து நடந்தார், ஒரு கால் சற்றுக் குட்டையாக. தடி பிடிக்க அவரை மறுபடி கூப்பிட்டார்கள். தடி சாயும் என்று அவர்தான் மறுத்துவிட்டார். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் இரண்டு இரவுகள் ஹனிபா நானாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். அடுத்த வருடம் வெள்ளவத்தைக்கு வந்தோம். தொண்ணூற்றொன்றில் அப்பா போனார். அவரை அடக்கிய அன்று நானா சக்கர நாற்காலியில் வந்து, மண் போடும்வரை இருந்தார். இன்னாசி மாமாவின் பிள்ளைகள் தொறொன்ரோவில். ஒழுங்கை இருந்த இடத்தில் கொள்கலன் லொறிகள் நிறுத்தும் வளவு ஒன்று இருக்கிறது. பீங்கான் இப்போது காற்றுக் குமிழிகள் உள்ள பிளாஸ்ரிக் தாளுக்குள் சுற்றி வருகிறது. கொழும்பிலே வளரும் ஒரு பிள்ளைக்கு வைக்கல் எப்படி மணக்கும் என்று தெரிய ஒரு வழியும் இல்லை. எங்கள் பழைய பங்கிலிருந்து இன்னும் கடிதம் எழுதுகிற ஒருத்தி சொன்னாள்: "ஸ்ட்ரூ பிள்ளையள்" என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லையாம்.

இவ்வளவையும் அந்தச் சனிக்கிழமை மேசையில் இருந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று. இடுப்பில் பலமில்லாமல் இரண்டு மாதமாகக் கட்டிலோடு. நாங்கள் அப்போது செய்ததைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அதுக்கென்ன, ஸ்ட்ரூ தான்" என்றார். சிரித்தோம். சிரித்த வாயோடு நான், அப்பா கண்ணாடிக்குள் என் கையைக் கண்டதைச் சொன்னேன்.

அம்மா கஞ்சிக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார்.

"அந்த மனுசன் ஒண்டையும் காணேல்ல" என்றார்.

பிறகு சுவரைப் பார்த்தபடி மெல்ல மெல்லச் சொன்னார். பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டதும் அம்மா கட்டிலின் கால்மாட்டில் முழங்கால் போட்டிருக்கிறார். போடும்போது அவருடைய தோள் தொங்கிய செங்கல்லில் பட்டது. கல் ஆடி, கயிறு இழுபட்டு, மரச்சட்டம் அதிர்ந்து, கண்ணாடி மேல் நோக்கித் திரும்பிவிட்டது. காலில் இழுத்த நோவில் அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். அம்மா எழும்பிக் கண்ணாடியைத் திருப்பப் பார்த்திருக்கிறார். அதற்குள் மேற்கட்டி ஜன்னலுக்கு வந்துவிட்டது. நற்கருணை நிற்கும்போது எழும்பக் கூடாது. அசையாதே, இரு என்று அப்பா கையால் காட்டியிருக்கிறார். அந்தப் பரலோக மந்திரம் முடியும்வரை அவர் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்படியென்றால் பூவைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சிஸ்டர் உன்னைப் பேர் சொல்லி ஏசினது கேட்டது. நான் ஜன்னலால பாத்துச் சொன்னனான், முழுக்க இங்க கொட்டிப்போட்டு நிக்கிறாள் எண்டு. நீ வெறுங்கூடையோட ஓடிவந்து கேக்கேக்க, அந்த மனுசன் வேற என்னத்தைச் சொல்லுறது? முகத்தைக் கண்டனான் எண்டு சொன்னா நீ நம்பமாட்டாய் எண்டுதான், கை எண்டு சொன்னவர்." பிறகு, "நான்தான் இடிச்சனான் எண்டு அந்த மனுசன் சாகும்வரைக்கும் ஆருக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல" என்றார்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது, சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவின் கட்டில் போட்டிருந்த விதத்தை அப்போதுதான் கவனித்தேன். அலுமாரிக்கு இடம் வேண்டுமென்று நான்தான், இரண்டு மாதத்துக்கு முன், அதை அப்படிப் போட்டிருந்தேன். அவருடைய முகத்துக்கு நேரே அலுமாரிக் கதவு. ஜன்னல் தலைக்குப் பின்னால். ஒருநாள்கூட அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

யூன் 22, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தேத்தண்ணி வைப்பதற்கு முன், முதல் வேலையாக, கீழ் வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு அலுமாரியை நடைக்கு இழுத்து வைத்தோம். பிறகு கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மடித்த சாக்கைச் செருகி, அம்மா அதில் படுத்திருக்கவே அதை மெல்லச் சுழற்றி, ஜன்னலைப் பார்க்கப் போட்டோம். வெளியில் ரயில் பாதைக்கு அப்பால் கடல் இன்னும் இருட்டாக இருந்தது. தெருவில், பாட்டுப் போட்டபடி வீடு வீடாகப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி வந்து நின்றது. ஒரு மனிதர் இறங்கி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.